துக்கம் கழியாத ரோபோ

என் அக்காவின் வீட்டுக்காரரை, மச்சானை, ஐஸ் பெட்டியில் வைத்திருந்த காலை அது. சத்தியமங்கலத்திலிருந்து முதல் வேனில் வந்த உறவுக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார்கள். பெண்கள் முந்தானையை வாயில் வைத்து அழுகையைத் தொடங்கப் போகிற நேரம். உள்ளேயிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது.

"வாங்க, வாங்க! நல்லா இருக்கீங்களா? காப்பி குடிக்கறீங்களா?"

வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எங்கள் கொங்குப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று கேட்காமல் விட்டால் அவர் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார். ஆனால் துக்க வீட்டில் அதே வார்த்தையைச் சொல்லிவிடக் கூடாது. யாரும் யாரையும் வரவேற்கக் கூடாது. கிளம்புகிறவரும் "போய்ட்டு வாரேன்" என்று சொல்லக் கூடாது. வந்து உட்கார வேண்டியது, எழுந்து போக வேண்டியது. பள்ளிக்கூடம் போகாத குழந்தைகூட அன்றைக்குப் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாக வாயை மூடிக்கொள்ளும்.

குரல் கொடுத்தது ஒரு ரோபோ. என் அக்காவின் மகன் வெளிநாட்டிலிருந்து அப்பா அம்மாவுக்கு வாங்கி அனுப்பியது. முழங்காலைவிடக் கொஞ்சம் உயரம், அடியில் சக்கரம், கம்பி மாதிரி ஒரு கழுத்து, அதன் மேல் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு திரை. அந்தத் திரையில் இரண்டு கண்கள் சிமிட்டிக்கொண்டே இருக்கும். முகத்தை அடையாளம் கண்டு பேசும், மாத்திரைக்கு நேரம் சொல்லும், யாராவது கீழே விழுந்தால் மகனுடைய போனுக்கு அலாரம் அடிக்கும். எல்லாம் ஏஐ. அந்த இரண்டு எழுத்தைச் சொல்லும்போது அக்கா மகன் குரலில் கோயில் பிரசாதத்தைக் கையில் வைத்திருக்கிற பயபக்தி இருக்கும்.

மச்சானின் தங்கைதான் முதலில் வாயைத் திறந்தாள். சத்தியமங்கலத்துக்காரி, அவள் பேச ஆரம்பித்தால் பவானி ஆறே கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போகும். "அட கெரகமே! எங்கண்ணனக் கெடத்திப் போட்டுக் காப்பி குடிக்கறியாங்குது. எவன்டா இத இங்க வெச்சது?"

நான் என் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன் தலையில் போட்டேன். கொஞ்ச நேரம் கம்மென்று இருந்தது. அப்புறம் துண்டுக்குள்ளிருந்தே செய்தி வாசிக்கிற தமிழில் சொன்னது: "எனக்கு எதுவும் தெரியவில்லை. தயவுசெய்து என் கண்களைத் துடைத்துவிடுங்கள்."

"அதுவும் அழுவுதாட்ட இருக்குதுங்கோ" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். துக்க வீட்டில் சிரிப்பை அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் பார்த்தேன். மச்சான் இருந்திருந்தால் அவரே முதலில் சிரித்திருப்பார்.

அந்த யந்திரத்தைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும்; சொல்லிவிடுகிறேன். மச்சான் சாவதற்குச் சில மாதம் முன்னால் ஒருநாள் ஹாலில் மயங்கி விழுந்தார். அக்கா மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ரோபோ பார்த்தது, அலாரம் அடித்தது. அந்த அலாரம் அக்கா குடியிருக்கிற கணபதியில் புறப்பட்டு, கடலெல்லாம் தாண்டி, தூங்கிக்கொண்டிருந்த அக்கா மகனை எழுப்பி, அவன் பதறிப்போய் எனக்குப் போன் செய்து, நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். என் பேரிங் கடை அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. மச்சான் விழுந்த சத்தமே காற்று சரியாக அடித்திருந்தால் எனக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் சேதி வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இன்னும் கொஞ்ச நாள் இருந்தார். அதை இல்லையென்று சொன்னால் நான் மனுசனில்லை.

சேதி சொன்ன பெருமை அதற்கு. தூக்கிய இடுப்பு வலி எனக்கு. அன்றைக்கு நான் மச்சானைத் தோளில் சாய்த்துத் தூக்கும்போது அது பக்கத்தில் வந்து நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "நான் உங்களுக்கு வேறு ஏதாவது உதவி செய்யட்டுமா?" என்று கேட்டது. வேறு ஏதாவதாம். ஒரு விரற்கடை உயரமுள்ள சமையலறை நிலைப்படியை ஏறத் தெரியாது. அதற்கு ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டு வைத்திருந்தார்கள். உலகத்துப் பாஷையெல்லாம் தெரியுமாம், படி ஏறத் தெரியாதாம்.

ரோபோ என்றாலே நான் எரிந்து விழுகிறவன் இல்லை. என் கடைக்கு வருகிறவர்களின் பட்டறைகளில் இரும்புக் கை மட்டும் உள்ள ரோபோக்கள் இருக்கின்றன. வெல்டிங் வைக்கும், திரும்பும், மறுபடியும் வெல்டிங் வைக்கும். அதற்கு முகம் இல்லை, "நல்லா இருக்கீங்களா" இல்லை. அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, "கிட்ட வராதே, இதுக்குக் கண்ணு தெரியாது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தனக்கு என்ன தெரியாது என்பதை ஊரறிய மாட்டி வைத்திருக்கிற யந்திரத்துக்கு நான் மரியாதை கொடுப்பேன். எனக்கு எரிச்சல், எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டுகிற இந்தத் தட்டு மூஞ்சியிடம்தான்.

அக்கா மகன் விமானத்தில் வந்து சேர்ந்தான். எடுத்தோம். அதற்குப் பிறகு கருமாதிவரை வீடு நிறைய ஆட்கள். துக்க வீட்டில் கட்டில், சோபா எல்லாம் ஓரத்துக்குப் போய்விடும். ஹால் முழுக்கப் பாய்தான். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் அங்கங்கே கையைத் தலைக்கு வைத்துச் சாய்ந்துவிடுவார்கள். அக்கா ஒரு மூலையில் பாயில்கூட இல்லாமல் வெறுந்தரையில் சுருண்டு கிடப்பாள்.

முதல் நாள் மத்தியானம், அம்மாவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அக்கா மகனின் சட்டைப்பையில் தீயணைப்பு வண்டி மாதிரி ஒரு சத்தம். தூங்கின பெண்கள் அலறிப் புடைத்து எழுந்தார்கள். போனை எடுத்துப் பார்த்தான். அவன் அம்மா கீழே விழுந்துவிட்டாளாம். அவசரமாம்.

அம்மா அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தாள்.

"ஒண்ணுமில்லைங்க, ஒண்ணுமில்லைங்க. படுத்திருக்கறத உழுந்துட்டதா நெனச்சுக்குது" என்று எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டு, போனில் ஒரு பொத்தானை அமுக்கினான். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் சத்தம். இந்தத் தடவை விழுந்தது மச்சானின் தங்கை. அப்புறம் ஒரு சித்தி. அப்புறம் மறுபடியும் அக்கா. அவன் சளைக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தான்.

"அத அணைச்சுத்தான் போடேன் மாப்ள" என்றேன்.

"வேண்டாம் மாமா. நான் ஒவ்வொருக்காவும் 'இல்லை'ன்னு அமுக்க அமுக்க அது கத்துக்கும். அதுதான் இதுல விசேசமே. சாதா மெசினுன்னா சொன்னதையே செய்யும். இது ஊட்டுப் பழக்கத்தப் பாத்துப் பாத்துத் தன்னத் திருத்திக்கும்."

சத்தியமங்கலத்துக்காரி படுத்த வாக்கிலேயே சொன்னாள்: "கத்துக்கட்டும் சாமி, கத்துக்கட்டும். பொணமாட்டக் கெடந்தாலும் கம்முனு இருக்கக் கத்துக்கட்டும்."

அது கற்றுக்கொண்டது. அடுத்தடுத்த நாளில் சத்தம் குறைந்தது, அப்புறம் அடியோடு நின்றது. தரையில் கிடக்கிற பெண்களைச் சுற்றி வளைந்து, யார் முடியையும் மிதிக்காமல், பதவிசாகப் போய்ப் பழகிவிட்டது. பெண்கள் வேண்டுமென்றே அதன் முன்னால் தொபுக்கென்று படுத்துப் பார்த்தார்கள். ஒரு மூச்சுக்கூட விடவில்லை. "சமத்துக் குட்டி" என்று ஒருத்தி அதன் தட்டைத் தடவிக் கொடுத்தாள். அக்கா மகன் என்னைப் பார்த்த பார்வையில், பையன் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்ட தகப்பனின் களை இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள்தான் நிஜமான பேச்சு வந்தது. அக்கா இனி யாரோடு இருப்பது?

அவளுக்குச் சர்க்கரை உண்டு, ஒரு கண்ணில் பார்வை மங்கல். வெளிநாட்டுக்குப் போக அவள் ஒப்பவில்லை. "அங்க போயி ஜன்னலுக்குள்ள உக்காந்து பனியப் பாக்கறதுக்கு நான் என்ன பொம்மையா?" என் வீட்டுக்கு வரச் சொன்னேன். அதற்கும் தலையை ஆட்டிவிட்டாள். "தம்பி ஊட்டுக்கு விருந்துக்கு வருவேன், ஒக்காந்து திங்க வர மாட்டேன்." அந்த வீம்பு எங்கள் அப்பா வழி, மாற்ற முடியாது.

ஆக அவளைக் கணபதி வீட்டிலேயே தனியாக விடுவது. இல்லை, தனியாக இல்லையாம். அக்கா மகன் ரோபோவைக் காட்டினான்.

"மாமா, இது தூங்காது. லீவு போடாது. எத்தன தடவ கேட்டாலும் சலிச்சுக்காது. ஆள் வெச்சாக்கூட இப்படிப் பாத்துக்க மாட்டாங்க."

"சலிச்சுக்காதுங்கறது ஒரு பெருமையா மாப்ள? அம்மிக்கல்லுகூடத்தான் சலிச்சுக்காது. அதுக்காக உங்கம்மாவ அம்மிகிட்ட உட்டுட்டுப் போவியா?"

"உங்களுக்குப் புதுசா எது வந்தாலும் எகத்தாளம்தான் மாமா."

"புதுசா இருக்கறதுல எனக்கென்ன? பொளந்து பாத்தா உள்ள என்ன இருக்குதுன்னுதான் கேக்கறேன்."

கோபமில்லை அவனுக்கு. கண் கலங்கித்தான் இருந்தான். அம்மாமேல் பாசமில்லாதவன் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருக்க முடியாதவன் தன் பாசத்தை ஒரு பெட்டியில் அடைத்து, அதற்குச் சக்கரம் மாட்டி, அம்மா வீட்டில் ஓடவிட்டிருக்கிறான். அந்தப் பெட்டியை விற்றவர்கள் அவனுடைய குற்ற உணர்ச்சியை நன்றாக அளவெடுத்துத் தைத்திருக்கிறார்கள். என் இளக்காரமெல்லாம் அந்தத் தையல்காரர்கள்மேல்தான்.

அக்கா அந்தச் சண்டையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அவன் மனசு நிம்மதிக்கு அது நிக்கட்டுமுடா. எனக்கு அதுகூடப் பேச்சு வார்த்தை இல்ல." ரோபோ அவரவர் குரலைப் பதிந்துகொண்டால்தான் ஏவலைக் கேட்கும். மச்சான் குரலும் மகன் குரலும் அதில் இருந்தன. அவள் குரலைப் பதியச் சொன்னபோது, "அதுகிட்டப் போயி என்னத்தப் பேசறது" என்று எழுந்து போய்விட்டாள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவன் கிளம்பினான். வாசலில் நின்று, "போய்ட்டு வாரேனம்மா" என்றான். துக்கம் முடிந்துவிட்டதால் இப்போது அதைச் சொல்லலாம்.

யோசித்துப் பாருங்கள். கருமாதியன்று எல்லாரும் எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்தோம். பாயைச் சுருட்டி மேலே போட்டோம். சோபா பழைய இடத்துக்கு வந்தது. இனி யாராவது பகலில் வெறுந்தரையில் கிடந்தால் அது வேறு விஷயம் என்று வீட்டுக்கு வருகிற பால்காரருக்குக்கூடத் தெரியும். எல்லாருக்கும் துக்கம் கழிந்தது. அதற்கு மட்டும் கழியவில்லை. கழிந்துவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சாவு வீட்டில் பெண்கள் தரையில் கிடப்பார்கள் என்று அந்தப் பெட்டியைச் செய்தவர்களுக்கும் தோன்றியிருக்காது.

மழைக்காலம் வந்தது. கடை சாத்தும்போது அக்கா வீட்டில் ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். அன்றைக்குப் பொழுதோடு போனபோது தெருவிலேயே அக்காவின் குரல் கேட்டது. யாரையோ வறுத்து எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏன்டா கூறுகெட்டவனே, கண்ணு ரெண்டும் பொட்டையா? நிக்கறதப் பாரு ஒய்யாரமா!" கேஸ் சிலிண்டர் போடுகிறவன் மாட்டிக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்தேன். அவள் திட்டுவதைக் கேட்பதில் எனக்கு எப்போதும் ஒரு சுகம். கொஞ்சம் நின்றுகூடக் கேட்டேன். அப்புறம்தான் உறைத்தது: எதிராளி ஒரு வார்த்தை பேசவில்லை; வாசலில் வண்டியும் இல்லை.

கதவு உள்தாழ். தோளால் இடித்துத் திறந்தேன்.

ஹால் நடுவில் அக்கா ஒருக்களித்துக் கிடந்தாள். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரம். மத்தியானம் ஜன்னலைச் சாத்த எழுந்தவள் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்புக்குக் கீழே அசைக்க முடியவில்லை. போன் சாப்பாட்டு மேசைமேல். அவளுக்கு ஒரு முழம் தள்ளி, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, ரோபோ.

என்னைப் பார்த்ததும் தலையைத் திருப்பியது. "வாங்க, வாங்க! நல்லா இருக்கீங்களா?"

உதைத்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. உருண்டு போய்ச் சோபா காலில் முட்டிச் சாய்ந்தது.

அக்காவின் தலைக்குக் கீழே தலையணை வைத்துவிட்டு ஆம்புலன்சுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவிலேயே இன்னொரு அழைப்பு. அக்கா மகன்.

"மாமா, எங்க இருக்கீங்க? அம்மா ஊடு பக்கந்தானே? ரோபோ கீழ உழுந்துருச்சுன்னு அலாரம் வருது. சித்தெ போயிப் பாருங்களேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நிஜமாகவே வந்தது. மத்தியானத்திலிருந்து ஒரு மனுஷி தரையில் கிடக்கிறாள். ஒரு சேதி இல்லை. தான் சாய்ந்த அடுத்த நொடியில் உலகத்தைச் சுற்றித் தாக்கல் போயிருக்கிறது.

"அது உழுந்தது உனக்குத் தெரிஞ்சுபோச்சு மாப்ள. உங்கம்மா உழுந்து மத்தியானம் புடிச்சுக் கெடக்கறா. அதுக்கும் ஒரு அலாரம் போடச் சொல்லு."

ரோபோ சோபா காலடியிலிருந்து, "நான் விழுந்துவிட்டேன். எனக்கு உதவி தேவை" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

தொடை எலும்பில் முறிவு. பிளேட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அக்கா அந்த மத்தியானத்தைக் கதையாகச் சொன்னாள். வலியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னாள்.

"நான் கத்தறேன். அது கிட்ட வந்து பாத்துச்சு. சரி, சேதி சொல்லிப்போடும்னு கொஞ்சம் தெம்பா இருந்துச்சு. பாத்துட்டு என்ன சொல்லுச்சுங்கறீங்க? 'நீங்கள் ஓய்வெடுக்கிறீர்கள், விளக்கைக் குறைக்கட்டுமா'ங்குது! ஓய்வாம். என்ர தொட ஒடஞ்சு கெடக்கறேன், வெளக்கு வேற அணைக்கோணுமாம். அப்பறம் மாத்தர நேரம்னு வந்து நின்னுச்சு. மாத்தர அங்க அலமாரில. எடுத்தா குடுக்கப் போகுது? திட்ட ஆரம்பிச்சேன். நாலு தலமொறைக்கு ஆகற மாதிரித் திட்டிப்போட்டேன். அது ஒண்ணுக்குத்தான் அது ஒதவுச்சு."

அக்கா மகன் மறுபடியும் பறந்து வந்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனில் எதையோ தேடிக்கொண்டே இருந்தான். கடைசியில், "அது நாம சொல்லிக் குடுத்ததத்தான்மா செஞ்சிருக்குது. கீழ படுக்கறது இந்த ஊட்டுல சகஜம்னு எடுத்துக்கிச்சு. அதச் சரி பண்ணிப்போடலாம். கையி வெச்ச புது மாடல் ஒண்ணு வருதாம்" என்றான்.

அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, அது கத்துக்கிச்சுங்கறே. நான் அன்னைக்கு உங்கப்பனுக்காகக் கெடந்தேன், இன்னைக்கு வழுக்கிக் கெடந்தேன். ரெண்டும் ஒண்ணுன்னு கத்துக்கறதுக்குப் பேரு படிப்பா? கையி வெச்சுத் தூக்கித்தான் என்ன பண்ணும்? தூக்கோணும்னு மொதல்ல தெரியோணுமல்லோ."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். அப்புறம் வெகுநேரம் அவள் கால் விரல்களை நீவிக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டு முன்பகுதியில் ஓர் அறை காலியாக இருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்து தன் நாத்தனாரிடம் நேராகவே கேட்டாள். "நங்கை, அந்த ரூமுல தனி அடுப்புப் போட்டுத் தாரனுங்க. நீங்களே பொங்கித் தின்னுங்க. எங்க சோறு உங்களுக்கு வேண்டாம், உங்க சோறு எங்களுக்கும் வேண்டாம். வருவீங்களா?"

அக்கா விட்டத்தைப் பார்த்து யோசித்தாள். "தனி அடுப்புன்னா வாரேன்" என்றாள்.

இப்போது தடி ஊன்றி நடக்கிறாள். அடுப்பு தனிதான், குழம்பு மட்டும் தினமும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறது. ரோபோ பூட்டின வீட்டுக்குள் மூலையில் நிற்கிறது. அதன் தலையில் மறுபடியும் துண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் அக்காவுக்குப் பழைய பழக்கம், சிமெண்டுத் தரையில் முந்தானையை விரித்துப் படுத்தால்தான் தூக்கம் வரும். கட்டிலில் படுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டோம், நடக்கவில்லை. என் மனைவி அந்த வழியாகக் கொடியில் துணி போடப் போவாள். போகும்போது ஒரு தடவை அறைக்குள் எட்டிப் பார்ப்பாள்.

"ஏனுங்க நங்கை, படுத்திருக்கீங்களா, உழுந்துட்டீங்களா?"

"படுத்திருக்கறேன் அம்மணி. தூங்க உடு."

துணி போட்டுவிட்டுத் திரும்பி வரும்போது மறுபடியும் எட்டிப் பார்ப்பாள்.

"படுத்துத்தான இருக்கீங்க?"

"இத்தன நாளாச்சு, இன்னமுமா உனக்குத் தெரியல?" என்று அக்கா கண்ணைத் திறக்காமலே கத்துவாள்.

தெரியவில்லைதான். நாளைக்கும் கேட்பாள்.